சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்ல (சுற்றுச்சூழல், சமூக விஷயத்துல என்ன பண்ணோம்னு கம்பெனி குடுக்கற ரிப்போர்ட்) லிமிடெட் அஷ்யூரன்ஸ், ரீசனபிள் அஷ்யூரன்ஸ்னு, அதாவது வெளியாள் செக் பண்ணிக் குடுக்கற உறுதில, ரெண்டு வகை இருக்கே, என்ன வித்தியாசம்?
லிமிடெட்னா மேலோட்டமா பாத்துட்டு 'தப்புன்னு சொல்ற மாதிரி எதுவும் எங்க கண்ணுல படல'ன்னு எழுதிக் குடுப்பாங்க, அவ்ளோதான். ரீசனபிள்னா கரண்ட் பில், டீசல் பில், தண்ணி மீட்டர்னு சாம்பிள் எடுத்து நோண்டிப் பாத்துட்டு, 'நம்பர் சரியாதான் இருக்கு'ன்னு நேரடியாவே சொல்லணும், அதனால வேலையும் செலவும் ஜாஸ்தி. இந்தியால பங்குச் சந்தைய கண்காணிக்கற செபி 2023ல பிஆர்எஸ்ஆர் கோர் (இந்த ரிப்போர்ட்டுல கட்டாயம் செக் பண்ண வேண்டிய முக்கியமான பகுதி) கொண்டு வந்து, மொதல்ல டாப் 150 லிஸ்டட் கம்பெனி, அப்புறம் படிப்படியா 1000 வரைக்கும் ரீசனபிள்தான் வேணும்னாங்க, பின்னாடி அஷ்யூரன்ஸுக்கு பதிலா வெளியாள் 'அசெஸ்மென்ட்' (மதிப்பீடு) பண்ணாலும் போதும்னு இளக்கிட்டாங்க (எனக்கு இது புடிக்கல). செக் பண்றவங்களே அந்தக் கம்பெனிக்கு கன்சல்டிங்கும் பண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்கு. இன்னொண்ணு, பல பேர் மொத்த ரிப்போர்ட்டையும் செக் பண்ணிட்டாங்கன்னு நெனச்சுக்கறாங்க, கோர்ல இருக்குறது 9 தலைப்பு மட்டும்தான்.