கேளுங்க, சொல்றோம்: முட்டை புரோட்டீனுக்கும் வியாதிக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: அல்சைமர் மாதிரி வியாதில எல்லாம் புரோட்டீன் தப்பா மடிஞ்சு கட்டியா சேருதுன்னு படிச்சேன் சார். அப்புறம் ஏன் முட்டை வெள்ளைக்கரு புரோட்டீன், மாட்டு புரோட்டீன்னு சின்னச் சின்னதா எடுத்து ஆராய்ச்சி பண்றாங்க? நேரா வியாதி புரோட்டீனையே பாக்கலாம்ல? - எம்.எஸ்சி. மாணவி, திருச்சி

பதில்: பாக்குறாங்கம்மா, ஆனா அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சட்டுனு படிஞ்சிடும், தப்பு எங்க ஆரம்பிச்சுதுன்னு பிடிக்கிறது பெரும்பாடு. ஆராய்ச்சிக்கு எடுக்குற சின்ன புரோட்டீன் பலது அப்படி இல்ல, பிரிச்சுவிட்டா திரும்ப மடியும். அமெரிக்காவுல கிறிஸ்டியன் அன்ஃபின்சன் மாட்டுக் கணையத்து ரிபோநியூக்ளியேஸை (ஆர்.என்.ஏ.வை வெட்டுற என்சைம்), மொத்தமே 124 அமினோ அமிலம்தான், யூரியால போட்டு அதோட 4 சல்பர் பாலத்தையும் அறுத்து முழுசா அவிழ்த்துவிட்டாரு, அப்புறம் யூரியாவை நீக்கிட்டு காத்துபட வச்சா அது தானாவே பழையபடி மடிஞ்சு வேலையும் செய்ய ஆரம்பிச்சிருச்சு. அந்தப் பாலத்தைப் போடுற சல்பர் உள்ள அமினோ அமிலம் சிஸ்டீன், அது 8 இருக்கு, 8ம் ஜோடி சேர 105 விதம் இருக்கு, அதுல சரியான ஒண்ணை யாரும் சொல்லிக்குடுக்காம அதுவே பிடிச்சிருச்சு பாருங்க, எனக்கு இன்னிக்கும் இதைப் படிச்சா சிலிர்க்குது! 1972 கெமிஸ்ட்ரி நோபல்ல அவருக்கும் பங்கு கிடைச்சது இதுக்குத்தான்.

இப்ப முட்டைக்கு வருவோம். வெள்ளைக்கருல இருக்குற லைசோசைம், அதாவது பாக்டீரியாவை உடைக்கிற என்சைம், 129 அமினோ அமிலம், நம்ம கண்ணீர்லயும் எச்சில்லயும் இருக்குறது 130, மடிப்பு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பரம்பரையா வர்ற ஒருவகை அமிலாய்டு வியாதிக்கு (புரோட்டீன் நாராகி உறுப்புல படியுற வியாதி) இந்த மனுஷ லைசோசைம்தான் காரணம்னு 1993ல தெரிஞ்சுது, 56வது இடத்துலயோ 67வது இடத்துலயோ ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினா போதும், மடிப்பு லூசாகி அப்பப்ப பாதி திறந்துக்கும், திறந்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நார் நாராகி கிட்னி, கல்லீரல்ல போய் படியும். கோழி லைசோசைமை முன்னாடியே அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் பாத்து வச்சிருந்தது இதைப் புரிஞ்சுக்க பெரிய உதவியா இருந்துச்சு.

இன்னொண்ணு. 1998ல ஆக்ஸ்ஃபோர்டுல கிறிஸ் டாப்சன் குழு எந்த வியாதியோடவும் சம்பந்தமே இல்லாத எஸ்ஹெச்3ங்கற குட்டி புரோட்டீன் துண்டை அமிலக் கரைசல்ல வச்சாங்க, அதுவும் அதே மாதிரி அமிலாய்டு நாராயிடுச்சு! அப்ப இந்த ஆபத்து ஏதோ நாலு கெட்ட புரோட்டீனோட குணம் இல்ல, புரோட்டீன் சங்கிலிக்கே உள்ள குணம்னு சந்தேகம் பலமாச்சு. நேரா வியாதி புரோட்டீனை மட்டும் பாத்துட்டு இருந்தா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது.

கோழி லைசோசைம் பவுடரா விலை கம்மியா கிடைக்கும், உங்க கைடுகிட்ட கேட்டுட்டு பிஹெச் 2ல 60 டிகிரி சூட்டுல சில நாள் வச்சு தயோஃப்ளேவின் டி சாயம் கலந்து ஃப்ளூரிமீட்டர்ல பாருங்க, நார் வந்திருந்தா ஒளிர்றது நல்லாவே ஏறியிருக்கும்.