கேள்வி–பதில்: மலை ஏறியதும் திணறும் வெபர்

கேள்வி: என்னுடையது கோவையில் ட்யூன் செய்த 1,200 சிசி பழைய கார். இரட்டை வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கருவி). வெஞ்சுரி (தொண்டையின் குறுகல்) 32, மெயின் ஜெட் (பெட்ரோலை அளக்கும் துளை) 130, ஏர் ஜெட் (அதில் காற்று கலக்கும் துளை) 180. கீழே பறந்த வண்டி, இங்கே மிதித்தால் கறுப்புப் புகை தள்ளுகிறது. மேல் ஆர்பிஎம்மில் மிஸ்ஸிங். எந்த ஜெட் போடலாம்?
– வாசகர், ஊட்டி

பதில்: ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை 400 சொச்சம். இங்கே காற்றின் அடர்த்தி கோவையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் அதே அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. அதனால் கலவை சுமார் 9 சதவீதம் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிவிடுகிறது. 130 என்பது 1.30 மி.மீ. துளை. 125 போட்டால் துளையின் பரப்பு 7.5 சதவீதம் குறையும். 120 போட்டால் 15 சதவீதம். 125-இல் தொடங்குங்கள். நான்கு தொண்டைக்கும் (கார்புரேட்டருக்கு இரண்டு காற்றுக் குழல்) ஒரே எண், ஒரே தயாரிப்பு. அடைப்பு எடுக்கக் கம்பி விட்ட ஜெட்டில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

ஆனால் மெயினைத் தொடும் முன் ஸ்லோவை (மிதிக்காதபோது ஓடும் ஐடில் ஓட்டம்) சரிசெய்யுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வாரக்கணக்கில் அலைகிறார்கள். வால்வு இடைவெளி, பாயின்ட், பிளக், மிதவை மட்டம் சரியா என்று பாருங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, இரண்டு கார்புரேட்டரும் சமமாகக் காற்று இழுக்கும்படி வையுங்கள். பிறகு ஒவ்வொரு மிக்ஸ்சர் ஸ்குரூவாக, இன்ஜின் தடுமாறும் வரை உள்ளே திருகி, சீராகும் வரை வெளியே எடுங்கள். பெருமரை (இடைவெளி அதிகமுள்ள புரி) உள்ள பழைய ஸ்குரூ அரைச் சுற்றுக்குள்ளேயே சீரானால் ஐடில் ஜெட் பெரியது. ஒன்றரைச் சுற்றைத் தாண்டினால் சிறியது. சுமார் 3,000 ஆர்பிஎம் வரை ஓட்டம் இந்தச் சின்ன ஜெட்டின் கையில்தான்.

மெயினுக்கு, அருவங்காட்டைத் தாண்டி ஊட்டிப் பக்கம் ஏறும் சாலையில் போக்குவரத்தில்லாத ஒரே ஏற்றத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் கியர், முழு மிதி, 3,000-இலிருந்து 5,000 வரை எத்தனை விநாடி என்று நோட்டில் குறியுங்கள். முடிவில் கிளட்சை மிதித்து உடனே இன்ஜினை அணையுங்கள் (சாவியை ஒரு படி மட்டும், மேலும் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்). ஓரம் நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். கரி படிந்தால் ரிச், வெளுத்திருந்தால் லீன் (பெட்ரோல் குறைவு), பிஸ்கட் நிறம் சரி. இன்றைய பெட்ரோலில் நிறம் அவ்வளவு தெளிவாக விழாது. விநாடிக் கணக்கையே அதிகம் நம்புங்கள்.

ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். கீழே நன்றாக இழுத்து 5,000-க்கு மேல் மட்டும் புகைந்தால் மெயினை விடுங்கள், ஏர் ஜெட்டை 180-இலிருந்து 190 ஆக்குங்கள். ஏர் ஜெட் பெருத்தால் மேல் ஆர்பிஎம் லீன் ஆகும். ஏறத்தாழ மூன்று படி ஏர் ஜெட், ஒரு படி மெயினுக்குச் சமம்.

பழைய கையேட்டின் எண்ணை அப்படியே போட நினைத்தால் இன்னொரு கணக்கும் உண்டு. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் கலவையைச் சுமார் 7 சதவீதம் லீன் ஆக்குகிறது. உயரம் ரிச் ஆக்குவதை இது பெருமளவு ஈடுகட்டிவிடும்.

காற்றில்லாமல் போன இழுவையை எந்த ஜெட்டும் திருப்பித் தராது. புகையும் மிஸ்ஸிங்கும்தான் போகும்.

கேள்வி: மூடுபனி நாளில் பத்து நிமிடம் ஓட்டியதும் ஸ்லோவில் அணைகிறது. ஐந்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது!
– வாசகர், கோத்தகிரி

பதில்: தொண்டையில் பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும்; ஈரக்காற்று த்ராட்டில் தட்டில் உறைந்து ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் இன்ஜின் சூட்டில் உருகிவிடும். ஜெட்டில் குற்றமில்லை. எக்ஸாஸ்ட் பக்கமிருந்து சூடான காற்றை ஏர் கிளீனருக்குக் குழாயில் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஊட்டிக்கு ஏற்ற ஜெட்டோடு மேட்டுப்பாளையம் இறங்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: இறக்கத்தில் மிதி குறைவு, தாங்கிவிடும். கீழே சமவெளியில் மிதித்து ஓட்டினால் லீன் ஆகிப் பிஸ்டன் தலை உருகும். பழைய ஜெட்களை டப்பாவில் எடுத்துப் போய், கீழே சேர்ந்ததும் மாற்றுங்கள். மலையில் இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) இரண்டு டிகிரி முன்தள்ளியிருந்தால் அதையும் பின்னுக்குக் கொண்டுவர மறக்கக்கூடாது.