கடையத்துக்கே போய்விடலாமா? கணக்கில் விட்டுப்போன ஒரு சம்பளம்

கேள்வி: வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 28,000, மெயின்டனன்ஸ் 4,000. கணவருக்கு ஐ.டி. வேலை. மாதம் இரண்டு தடவை ஆபீஸ் வந்தால் போதும், மற்ற நாள் எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நான் தனியார் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 34,000. மகள் சி.பி.எஸ்.இ.யில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். மாமியாருக்கு 71 வயது, இரண்டு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தோம். அவருடைய சொந்த ஊர் தென்காசி பக்கம் கடையம். அங்கே 10,000 ரூபாய்க்குத் தனி வீடு கிடைக்கிறது. பள்ளிக் கட்டணமும் வருடத்துக்கு 1,30,000-லிருந்து 60,000 ஆகிவிடும். மாதம் கிட்டத்தட்ட 28,000 மிச்சமாகும். எனக்கு அங்கே ஒரு பள்ளியில் 14,000 தருவதாகச் சொன்னார்கள். 30 லட்சத்துக்கு ஒரு வீடு விலைக்கு இருக்கிறது, வாங்கிவிடுங்கள் என்கிறார் உறவினர். போகலாமா?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வாடகை, மெயின்டனன்ஸ், பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் சரியாகக் கழித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் சம்பளம் 34,000-லிருந்து 14,000 ஆகப்போவதை எங்கேயுமே கழிக்கவில்லை. என்னிடம் ஆலோசனைக்கு வரும் வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், மனைவியின் சம்பளம் ஏதோ கூடுதல் வரவு மாதிரி கணக்குக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. மாதம் 20,000 ரூபாய் என்பது உங்கள் பட்டியலிலேயே பெரிய தொகைகளில் ஒன்று. அதை முதல் வரியில் எழுதுங்கள்.

இப்போது திரும்பப் போட்டுப் பார்ப்போம். வாடகையிலும் மெயின்டனன்ஸிலும் மிச்சம் 22,000, பள்ளியில் மாதத்துக்கு சுமார் 5,800, ஆக 27,800. இந்தப் பக்கம் உங்கள் சம்பளத்தில் குறைவது 20,000. கணவர் மாதம் இரண்டு தடவை சென்னை வந்துபோக வேண்டும். ரயில், ஆட்டோ, இரண்டு மூன்று நாள் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 5,000 என்று வைத்தாலே 10,000. அதாவது மாதம் 2,200 ரூபாய் கையைக் கடிக்கிறது.

அப்புறம் வருமான வரி. கணவர் பழைய வரி முறையில் இருக்கிறாரா, புதிய முறையிலா என்று நீங்கள் எழுதவில்லை. புதிய முறை என்றால் வாடகைப்படிக்கு விலக்கே கிடையாது, இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். பழைய முறை என்றால் கவனியுங்கள். கட்டும் வாடகையில் பேசிக் சம்பளத்தின் 10 சதவீதத்தைக் கழித்து மீதிக்குத்தான் விலக்கு (அதற்கு மேல் வேறு வரம்புகளும் உண்டு). பேசிக் 80,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், இப்போது 28,000-இல் 8,000 போக மாதம் 20,000-க்கு விலக்கு கிடைக்கிறது, கடையத்தில் 10,000-இல் 8,000 போனால் மிஞ்சுவது 2,000தான். 30 சதவீத வரி கட்டுபவராக இருந்தால், செஸ்ஸும் சேர்த்து வருடத்துக்கு சுமார் 67,000 ரூபாய் கூடுதல் வரி. வாடகை குறைந்த சந்தோஷத்தில் இதை யாரும் யோசிப்பதில்லை, மார்ச் மாதச் சம்பளம் வரும்போதுதான் தெரியும். எந்த முறை லாபம் என்று ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.

ஆகவே பணம் மிச்சமாகும் என்பதற்காக இந்த மாற்றம் வேண்டாம். அதற்காகப் போகக்கூடாது என்று சொல்லவில்லை. மாமியார் தன் மனிதர்களோடு இருப்பார், வாசலில் உட்கார்ந்தால் பேச ஆள் இருக்கும், மலை தெரியும், சாயங்காலம் மகள் சைக்கிளில் போகலாம், இதெல்லாம் பெரிய விஷயம்தான். அதற்கு மாதம் சில ஆயிரம் கொடுக்கத் தயாரா என்று கேட்டு முடிவு எடுங்கள். தயார் என்றால் தாராளமாகப் போகலாம், அப்போது கணக்கு இடிக்கும்போது ஒருவரை ஒருவர் குறை சொல்ல வேண்டியிருக்காது.

மேனேஜர் சொன்னது போதாது. ஹெச்.ஆரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்: எத்தனை நாள் வர வேண்டும், இது எந்தத் தேதி வரை, ஊர் மாறினால் சம்பளம் குறையுமா. என்னிடம் வந்த ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனார். எட்டாவது மாதம் மேனேஜர் மாறினார், புதியவர் வாரம் மூன்று நாள் ஆபீஸ் வரச் சொல்லிவிட்டார். மனைவியும் பிள்ளைகளும் ஊரில், அவர் மட்டும் இங்கே ஒரு மேன்ஷன் அறையில். ஒன்றரை வருடம் அப்படியே ஓட்டினார்கள். அவர் என் முன்னால் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்து மாமியார். சர்க்கரை, பிரஷர் மருந்தெல்லாம் எங்கேயும் கிடைக்கும், அதைப் பற்றிக் கவலை இல்லை. ராத்திரி நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தென்காசியில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, முதல் உதவிக்கு அங்கே போகலாம். ஆஞ்சியோ, மறுபடி ஸ்டென்ட் என்று வந்தால் பெரும்பாலும் திருநெல்வேலிதான், கடையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து காரை எடுத்து திருநெல்வேலியில் நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவமனை வரை போய்ப் பாருங்கள், கையில் கடிகாரத்தோடு. அந்த நேரத்தில் கூப்பிட்டால் வரக்கூடிய டிரைவர் ஒருவரின் நம்பர் உங்களிடம் இருக்க வேண்டும். கம்பெனி இன்சூரன்ஸில் அம்மாவும் இருந்தால், பணம் கட்டாமல் சேர்க்கும் பட்டியலில் அந்த மருத்துவமனை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இப்போதைய டாக்டரிடம் முழு ஃபைலையும் வாங்கி, அங்கே ஒரு இதய மருத்துவரை நன்றாக இருக்கும்போதே போய்ப் பார்த்து வைத்துவிடுங்கள்.

மகள் விஷயத்தில் காலம் முக்கியம். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாம் வகுப்பிலேயே வாரியத்தில் பதிவு நடந்துவிடும், பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்றுவதற்குத் தகுந்த காரணமும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். ஆகவே போனால் ஒன்பதாம் வகுப்பு ஆரம்பத்திலேயே போங்கள், இல்லையென்றால் பத்து முடித்துவிட்டுப் போங்கள், நடுவில் வேண்டாம். மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாற நினைத்தாலும் ஒன்பதிலேயே மாறுவது நல்லது. அவளிடமும் கேளுங்கள், பதின்மூன்று வயதில் தோழிகளை விட்டுப் போவது லேசான விஷயம் இல்லை.

வீடு வாங்குவதைப் பற்றி: இப்போது வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய், ஒரு வருடத்தில் மனம் மாறி விற்றால் அது திரும்பி வராது. சின்ன ஊரில் வாங்குவது சுலபம், விற்க ஆள் தேடுவதுதான் கஷ்டம். உறவினர் மனம் வருந்துவார் என்று அட்வான்ஸ் மட்டும் கொடுத்து வைக்கவும் வேண்டாம். பிறகு வாங்குவதானால் முப்பது வருட வில்லங்கம், விற்பவர் பெயரில் பட்டா, மனையின் அங்கீகாரம் மூன்றையும் உள்ளூர் வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். சொந்தக்காரர் சொன்னார் என்பது பத்திரம் ஆகாது.

பதினொரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். நீங்கள் இதுவரை பார்த்த கடையம் லீவில் பார்த்த கடையமாக இருக்கும், குற்றாலத்தில் சீசன், ஜூன் ஜூலைச் சாரல், குளிர்ந்த காற்று. ஏப்ரல், மே வெயிலையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் அங்கே இருந்து பாருங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையில் வெள்ளம் என்ன செய்தது என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், வீடு பார்க்கும்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டில் விசாரியுங்கள்.

மாதாந்திர பராமரிப்பு என்று ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட்டை நிறுத்தினால் மதியத்துக்கு மேல்தான் வரும். கணவருக்கு அன்று கிளையன்ட் மீட்டிங் இருக்கலாம். இன்வெர்ட்டர் வேண்டும், ரவுட்டரும் அதில் இணைந்திருக்க வேண்டும், ஃபைபர் இணைப்புடன் வேறு கம்பெனி சிம் ஒன்றும் தயாராக இருக்க வேண்டும். அந்த சிக்னலை மொட்டை மாடியில் நின்று பார்க்காமல், அவர் உட்கார்ந்து வேலை பார்க்கப்போகும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாருங்கள்.

கேஸ், ரேஷன் கார்டு, ஆதார் முகவரி மாற்றமெல்லாம் தானாக நடக்காது, ஒவ்வொன்றுக்கும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும், ஆனால் அதற்குப் பயப்பட வேண்டாம்.

கடைசியாக உங்கள் வேலை. 14,000 என்று சொன்ன பள்ளியோடு நிறுத்தாதீர்கள். தென்காசி, அம்பாசமுத்திரம் இரண்டு பக்கமும் இன்னும் மூன்று நான்கு பள்ளிகளில் விண்ணப்பம் கொடுங்கள். இப்போதைய மாணவர்களுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்க முடியுமா என்றும் விசாரியுங்கள். இந்த ஒரு தொகை 24,000 ஆனால் முழுக் கணக்கும் மாறிவிடும். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன் அந்தத் தொகையையும் கணவரின் வரி முறையையும் எனக்கு எழுதுங்கள், இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம்.