அஜீரணம், உப்புசம், எதுக்களிப்பு எல்லாம் ஒன்றா?

கேள்வி இதுதான்: அஜீரணத்துக்குச் சரியான தமிழ்ச் சொல் என்ன? மந்தம், உப்புசம், எதுக்களிப்பு எல்லாம் அதே பொருள்தானா?

முதல் பாதிக்குப் பதில் எளிது: செரியாமை. இரண்டாம் பாதிக்கு 'இல்லை' என்பதுதான் பதில். அந்த வித்தியாசத்தை நான் என் ஆச்சியிடம் கற்றுக்கொண்டேன்.

ஆச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். சென்னையில் எங்களோடு இருந்தபோது ஒருநாள், "எதுக்களிச்சுக்கிட்டே கெடக்கு ஐயா" என்றார். நாங்கள் பார்த்த டாக்டருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. நடுவில் நின்று பேசிய நான், அவசரத்தில் 'கேஸ்' என்று சொல்லிவிட்டேன். வாயுவுக்கு மாத்திரை கிடைத்தது. பத்து நாள் சாப்பிட்டும் குறையவில்லை. அடுத்த முறை ஆச்சி என்னை எதிர்பார்க்கவில்லை. மேல்வயிற்றில் கையை வைத்துத் தொண்டை வரை இழுத்துக் காட்டினார். முகத்தைச் சுளித்துப் புளிப்பைக் காட்டினார். தலையைச் சாய்த்து, படுத்தால் அதிகம் என்றும் புரியவைத்தார். டாக்டர் உடனே மருந்தை மாற்றினார். இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும் என்றார். ஆச்சிக்கு அதன்பிறகுதான் நிம்மதியான தூக்கம் வந்தது. அவர் முதலில் சொன்னதே மிகச் சரியான சொல். நான்தான் அதைக் கெடுத்துவிட்டேன்.

எதுக்களிப்பு என்றால், உண்டது வாந்தியாக வெளியே வராமல் புளிப்போடு தொண்டை வரை ஏறி இறங்குவது. நெஞ்சு கரிப்பதும் பெரும்பாலும் அதோடு சேர்ந்தே வரும். உப்புசம் அப்படியல்ல, உப்புதல் என்றால் வீங்குதல், வயிறு காற்றடைத்த மாதிரி இருப்பது. பொருமல் என்பதும் கிட்டத்தட்ட அதுதான். ஆற்றாமையில் மனம் பொருமுகிறது என்கிறோமே, அதே வினை. மந்தம் என்றால் பசியே எடுக்காமல் வயிறு கனத்துக் கிடப்பது. கைக்குழந்தைக்குப் பால் செரிக்காமல் வயிறு கெட்டால் ஊரில் அதை மாந்தம் என்பார்கள். குன்மம் இவற்றிலிருந்து வேறு. சித்த மருத்துவம் எட்டு வகையாகப் பிரித்துச் சொல்லும் நாட்பட்ட வயிற்று நோய் அது. வயிற்றெரிச்சலை மட்டும் கவனமாகப் பயன்படுத்துங்கள், பேச்சில் அது பொறாமைக்குப் போய்விட்டது. டாக்டரிடம் "வயிறு எரியுது" என்றே சொல்லலாம்.

அஜீரணம் வடசொல். ஜீர்ணம் என்றால் பழையதாகித் தேய்ந்து கரைந்துபோனது. பழுதான கோயிலைப் புதுப்பிப்பதை ஜீர்ணோத்தாரணம் என்று கும்பாபிஷேகப் பத்திரிகையில் போடுவார்களே, அதே ஜீர்ணம்தான். உண்டது அப்படிக் கரையாமல் கிடந்தால் அஜீரணம்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தைப் பாருங்கள். செரித்தது என்பதற்கு வள்ளுவர் 'அற்றது' என்கிறார்: "அற்றால் அளவறிந்து உண்க" (943). முன்பு உண்டது அற்றுப்போயிருந்தால், அதாவது மிச்சமில்லாமல் தீர்ந்திருந்தால், அளவோடு சாப்பிடு. 947ஆம் குறளில் பசியையும் செரிமான ஆற்றலையும் சேர்த்துத் 'தீ' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார். எனக்கு இந்த 'அற்றது' ரொம்பப் பிடிக்கும். அதைவிடச் சுருக்கமாக அந்த நிலையைச் சொல்ல முடியாது.

இலங்கைத் தமிழர்கள் சமிபாடு என்பார்கள். அங்கே பாடப்புத்தகத்திலும் சமிபாட்டுத் தொகுதிதான். நம் பாடப்புத்தகத்தில் அது செரிமான மண்டலம். செரியாமைக்கு யாழ்ப்பாணத்தில் செமியாக்குணம் என்ற சொல் உண்டு. ஆச்சியும் "சோறு செமிக்கலை" என்றுதான் சொல்வார். கடல் தாண்டியும் அதே சொல் இருப்பது தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் ஒன்று. மாரடைப்பின் வலியையும் பலர் 'கேஸ்' என்று நினைத்துச் சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால், வீட்டில் சீரகத் தண்ணீர் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், கேட்பவரிடம் 'நெஞ்சு வலி' என்றே சொல்லுங்கள்.