டிவி தொடர்களில் மிரட்டும் ரோபோக்கள்: குரல், கண், உடல் – கேள்வி பதில்

கேள்வி: 'டாக்டர் ஹூ' தொடரில் வரும் டாலெக்கின் குரலை நாமே செய்ய முடியுமா? எந்த ஆப்பில் போட்டாலும் தவளை கத்துற மாதிரி வருது.

பதில்: முடியும். அந்த ஆப்கள் குரலின் சுருதியைத்தான் இறக்குகின்றன. டாலெக் குரல் அப்படிப் பிறந்ததல்ல. 'டாக்டர் ஹூ'வுக்காக 1963-இல் பிபிசியின் ஒலி விளைவுப் பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப் பயன்படுத்தியது ரிங் மாடுலேட்டர். அது குரலையும் ஒரு சைன் அலையையும் பெருக்குகிறது. அலையை 30 ஹெர்ட்ஸில் வையுங்கள். குரலில் 200 ஹெர்ட்ஸ் இருந்தால் 170, 230 என இரண்டாக வெளியே வரும். 400 இருந்தால் 370, 430. மனிதக் குரலின் மேல் சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகள். அந்தக் கணக்கு இங்கே குலைந்துவிடுவதால்தான், இது ஒரு தொண்டையிலிருந்து வந்த ஒலி என்று காது நம்ப மறுக்கிறது.

அசல் குரலைக் கலக்காமல், மாறிய ஒலியை மட்டும் எடுங்கள். 30-ஐ 150 ஆக்கினால் மணியோசை மாதிரி ஆகி, சொற்கள் புரியாது. பதிவு செய்யும் அறையில் எதிரொலி இருக்கவே கூடாது. அதுவும் சேர்ந்து பெருக்கப்பட்டுக் குழம்பும். எதிரொலி வேண்டுமென்றால் கடைசியில் சேருங்கள். மீதிப் பாதி நடிப்பு: ஒரே சுருதி, அசை அசையாக, 'எக்ஸ்-டெர்-மி-னேட்'. கோபம் ஏற ஏற வேகம் கூடக் கூடாது, சுருதிதான் ஏற வேண்டும்.

கேள்வி: டாலெக்கால் படி ஏற முடியாது, அப்புறம் என்ன பயம்?

பதில்: 1988-இல் வந்த 'டாக்டர் ஹூ' கதையான 'ரிமெம்பரன்ஸ் ஆஃப் தி டாலெக்ஸ்' முதல் பாகத்தின் முடிவைப் பாருங்கள். மிதந்தே ஏறும்.

கேள்வி: டிவியில் வந்ததிலேயே கொடூரமான ரோபோ டாலெக்தானே?

பதில்: டாலெக் ரோபோ இல்லை. உலோகக் கூட்டுக்குள் உயிருள்ள பிறவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது வெறுப்பது உயிர் இருப்பதால்.

கேள்வி: (மேலே குரல் கேட்டவன்தான்) அப்படிப் பார்த்தால் 'டாக்டர் ஹூ'வின் சைபர்மேனும் ரோபோ இல்லை, 'ஸ்டார் ட்ரெக்'கின் போர்க்கும் இல்லை. யார்தான் மிச்சம்? பார்க்கிறவனுக்கு எல்லாம் இரும்புதானே?

பதில்: இரும்பு ஒன்றுதான், பயம் வேறு. ரோபோவிடம் கெஞ்சினால் கேட்க உள்ளே யாரும் இல்லை. சைபர்மேனுக்குள் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை, அடுத்தது நீங்கள். அந்த எண்ணத்தைத் தந்த கிட் பெட்லர் மருத்துவ ஆராய்ச்சியாளர். உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் மனிதன் எங்கே முடிகிறான் என்பதுதான் அவருடைய கேள்வி. 1966-இன் 'தி டென்த் பிளானட்'டில் அவை முதன்முதலில் வரும்போது முகத்தில் துணி சுற்றியிருக்கும், கைகள் வெறும் மனிதக் கைகளாகவே இருக்கும். வாய் திறந்தபடி அசையாமல் நிற்க, உள்ளிருந்து தப்பான இடங்களில் அழுத்தம் விழும் குரல் வரும். அந்தக் கைகளுக்கு உறை போட்டிருந்தால் பாதி நடுக்கம் போயிருக்கும்.

கேள்வி: 2003-இன் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' சைலான்களுக்குச் சதையும் ரத்தமும் உண்டு. உங்கள் கணக்கில் அவையும் ரோபோ இல்லையா?

பதில்: நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் பிறந்த வழியைப் பாருங்கள். சைபர்மேன், மனிதனாக இருந்து இயந்திரம் ஆனது. இந்தச் சைலான்கள், மனிதர் செய்த இயந்திரங்களின் வழிவந்து மனித உருவம் எடுத்தவை. 12 மாதிரிகள், ஒரே முகத்துக்குப் பல பிரதிகள். செத்தாலும் நினைவு இன்னொரு உடலில் விழித்துக்கொள்ளும். அதனால் இயந்திரப் பக்கமே நிறுத்துகிறேன்.

கேள்வி: டாலெக் குரலுக்கு எந்த ஆப் நல்லது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எதிரொலி வேண்டாம்.

கேள்வி: நிஜத்தில் ஏஐ நம்மை அழிக்குமா?

பதில்: அந்தத் துறையில் ஆய்வு செய்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 1978-இன் பழைய 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' சைலானின் ஓடும் சிவப்புக் கண் செய்தேன். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் மறுபடி முதலிலிருந்தே வருது, திரும்பி வரமாட்டேங்குது.

பதில்: 4017 ஐசி (துடிப்புகளை எண்ணும் சிப்) ஒரே திசையில்தான் எண்ணும். அதன் 10 வெளியீடுகளை 6 எல்இடிக்குப் பங்கிடுங்கள். 0 முதல் விளக்குக்கு, 1, 9 இரண்டாவதற்கு, 2, 8 மூன்றாவதற்கு, 3, 7 நான்காவதற்கு, 4, 6 ஐந்தாவதற்கு, 5 ஆறாவதற்கு. ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு 1என்4148 டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது) கட்டாயம். நேரடியாகச் சேர்த்தால் ஒரு வெளியீடு மேலே இழுக்க, இன்னொன்று கீழே இழுக்கும். விளக்கு மங்கி ஐசி சூடாகும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரிவதால் எல்லா எல்இடிக்கும் பொதுவாக 1 கிலோ ஓம் போதும்.

வேகத்துக்கு, துடிப்பு தரும் 555 ஐசி: 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம், 1 மைக்ரோஃபாரட். நொடிக்கு சுமார் 7 துடிப்பு, போய்வர ஒன்றரை நொடி. 100-ஐ 47 ஆக்கினால் வேகம் இரட்டிக்கும், ஆனால் அலங்கார விளக்காகிவிடும். அந்தக் கண் தேடிக்கொண்டிருக்க வேண்டும், அவசரப்படக் கூடாது.

கேள்வி: (அதே ஆள்) இப்போ திரும்பி வருது, நன்றி. ஆனால் கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் தாறுமாறாகக் குதிக்குது.

பதில்: 4017-இன் 13, 15-ஆவது கால்களைச் சும்மா விட்டிருப்பீர்கள். இரண்டையும் கிரவுண்டில் இணையுங்கள்.