வாரண்டிச் செலவு எந்த ஆண்டின் கணக்கு?

கேள்வி: நானும் என் பங்குதாரரும் மோட்டார் பம்பு தயாரித்து, 2 ஆண்டு வாரண்டியுடன் விற்கிறோம். இவ்வாண்டு 10,000 பம்புகள் விற்றன. பழுதென்று வரும்போது செலவு எழுதினால் போதும் என்கிறார் அவர். பம்பு தீப்பற்றித் தன் கிடங்கு எரிந்ததாக ஒருவர் வழக்கும் தொடுத்திருக்கிறார். அதற்குத் தொகை ஒதுக்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா?

பதில்: முதல் விஷயத்தில் உங்கள் பங்குதாரர் சொல்வது தவறு. வாரண்டி அட்டையில் கையெழுத்திட்டுப் பம்பை விற்ற அன்றே கடமை பிறந்துவிட்டது. பழுது பிறகு வருகிறது, அவ்வளவுதான். பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 37 கேட்பது மூன்று: நடந்து முடிந்த நிகழ்வால் எழுந்த கடமை, பணம் வெளியேறுவதற்கே வாய்ப்பு அதிகம் என்ற நிலை, நம்பத்தகுந்த மதிப்பீடு. உங்களிடம் மூன்றும் இருக்கின்றன.

எந்தப் பம்பு கெடும் என்று தெரியாதே என்பீர்கள். தெரிய வேண்டியதில்லை, மொத்தத்தைப் பாருங்கள். பழைய பழுதுப் பதிவேட்டின்படி 100க்கு 8 பம்புகளில் சிறு பழுது, 2 பம்புகளில் பெரும் பழுது என்று வைத்துக்கொள்வோம். சிறியதற்கு 500, பெரியதற்கு 4,000 செலவானால், 800 பம்புகளுக்கு 4 லட்சம், 200 பம்புகளுக்கு 8 லட்சம். ஆக 12 லட்சத்தை விற்ற ஆண்டிலேயே செலவாக எழுதி, ஒதுக்காக, அதாவது பின்னால் தர வேண்டிய தொகைக்கான மதிப்பீட்டுப் பொறுப்பாக, வைக்க வேண்டும். ஆண்டுக்குள் 3 லட்சம் செலவழிந்திருந்தால், இருப்புநிலைக் குறிப்பில் 9 லட்சம் நிற்கும். இதை எழுதாமல் இலாபத்தைப் பிரித்துக்கொள்வது நாளைய பழுதுக்கான பணத்தை இன்றே எடுத்துச் செல்வதாகும். உங்களில் ஒருவர் விலகும் நாளில் இதுவே பெரிய தகராறாக வெடிக்கும்.

வழக்கு வேறு வகை. தோற்கவே வாய்ப்பு அதிகம் என்று உங்கள் வழக்கறிஞர் கருதினால் ஒதுக்கு வேண்டும். தோல்வி சாத்தியம், ஆனால் அவ்வளவு உறுதியில்லை என்றால் அது எதிர்பாராப் பொறுப்பு, அதாவது நேரலாம் என்ற அளவில் மட்டும் உள்ள, கணக்கில் ஏற்றாத பொறுப்பு. கணக்குடன் இணைக்கும் விளக்கக் குறிப்பில் தெரிவித்தால் போதும். வாய்ப்பு மிக அரிது என்றால் அதுவும் தேவையில்லை. ஒதுக்கு வைப்பது மதிப்பீடுதான். குற்ற ஒப்புதல் ஆகாது. எதிர்த்தரப்பு அந்தத் தொகையைப் படித்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. விவரம் வெளியிட்டால் வழக்கில் உங்கள் நிலை கடுமையாகப் பாதிக்கப்படும் என்ற மிக அரிய சூழலில், வழக்கின் பொதுத்தன்மையையும் மறைப்பதற்கான காரணத்தையும் மட்டும் சொல்லத் தரநிலை இடம் தருகிறது. ஒதுக்கையே தவிர்க்க அனுமதியில்லை.

உதிரிப்பாகம் தந்தவரிடம் நட்டஈடு வாங்கலாம் என்ற எண்ணமிருந்தால், அதை ஒதுக்கில் கழிக்காதீர்கள். கிடைப்பது ஏறக்குறைய உறுதியானால் மட்டுமே தனிச் சொத்தாகக் காட்டலாம்.

கணக்குக்கு ஒப்புதல் தரும் முன் வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். அதற்குள் தீர்ப்பே வந்துவிட்டால், கணக்கை அதன்படி திருத்தியாக வேண்டும்.