ஜாக்கி வாங்கும் முன் வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்

கேள்வி: 2021 மாடல் மஹிந்திரா தார் ஜீப் வைத்திருக்கிறேன். எங்கள் பனந்தோப்பு தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. போன மாதம் செம்மணலில் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது, டிராக்டர் வந்துதான் இழுத்தது. ஹை-லிஃப்ட் ஜாக்கி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். 48 அங்குலமா, 60 அங்குலமா? வண்டியில் எங்கே மாட்டுவது?
- ஒரு வாசகர், உடன்குடி

பதில்: நீளத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து, அந்த ஜாக்கியின் நாக்கு, அதாவது வண்டியைத் தாங்கித் தூக்கும் பகுதி, எங்கே போய் உட்காரும் என்று தேடிப் பாருங்கள். ஓட்டை போட்ட உயரமான இரும்புத் தண்டில், கைப்பிடியை அடிக்க அடிக்க நாக்கு படிப்படியாக ஏறும் ஜாக்கி இது, அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ப்ளூம்ஃபீல்டில் 1905 முதல் செய்துவருகிறார்கள். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு போல்ட் போட்ட இரும்பு பம்பர் இருந்தால் நாக்கைக் கொடுத்துத் தூக்கிவிடலாம். உங்கள் தாரில் முன்னும் பின்னும் இருப்பது பிளாஸ்டிக், அதில் கொடுத்தால் பம்பர் கையோடு வந்துவிடும். ஏறி இறங்க வைத்திருக்கும் பக்கவாட்டுப் படியும் ஆள் பாரத்துக்குத்தான், வண்டி பாரத்துக்கு இல்லை. இதற்காகவே இரும்பு பம்பர் மாட்டிவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதீர்கள். முன்னால் மாட்டும் இரும்புக் காப்புக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை, அவற்றைத் தடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது.

உங்களுக்கு மிச்சம் இருப்பது இரண்டு வழி. ஒன்று, ராக் ஸ்லைடர், கதவுகளுக்குக் கீழே சேஸிஸோடு நேரடியாகப் பொருத்தும் கெட்டியான இரும்புக் குழாய். இன்னொன்று, ஜாக்கி நாக்கில் மாட்டி வீல் ஸ்போக்கின் இடைவெளியில் கொக்கி போடும் லிஃப்ட்-மேட் மாதிரியான துணைக்கருவி. மணலுக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். பாடியைப் பிடித்துத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங்தான் நீளும், ஜாக்கி பாதி உயரம் ஏறிய பிறகும் டயர் குழியிலேயே கிடக்கும், வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து பயமுறுத்தும். சக்கரத்தையே பிடித்தால் ஒரு முழம் தூக்கினால் போதும், கீழே கல்லோ பனை மட்டையோ திணித்து இறக்கிவிடலாம்.

ஆகவே 60 அங்குலம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். 48 போதும், அதுவே ஏறக்குறைய 13 கிலோ. பாரத் திறன் சுமார் 2,100 கிலோ, ஒரு மூலையைத் தூக்க அது தாராளம். அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான், தேரி மணலில் வைத்தால் வண்டி மேலே வராமல் ஜாக்கி கீழே போகும், இரண்டு அங்குல கனத்தில் ஒன்றரை அடி சதுரப் பலகை ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும் இடம் பற்றி. கூரை மேல் வேண்டாம், 13 கிலோ இரும்பு அவ்வளவு உயரத்தில் இருந்தால் சரிவில் வண்டி ஆடும், அவசரத்தில் இறக்கவும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பின்கதவில் ஏற்கெனவே ஸ்டெப்னி தொங்குகிறது, அந்தக் கீல்களுக்கு மேலும் சுமை ஏற்றாதீர்கள். டிக்கித் தரையில் குறுக்காகப் படுக்க வைப்பதுதான் என் யோசனை. 48 அங்குலம் என்றால் 122 சென்டிமீட்டர், டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள், படுக்கவில்லையென்றால் 42 வாங்குங்கள். இரண்டு முனையிலும் போல்ட், தகட்டுக்கு அடியில் அகல வாஷர், அதிர்வில் கழலாத நைலாக் நட். கைப்பிடியைத் தண்டோடு ரப்பர் பட்டையால் இறுக்குங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் கடகடவென்று அடிக்கும். சும்மா மட்டும் போட்டு வைக்காதீர்கள், வண்டி உருண்டால் அது உங்கள் தலையைத்தான் தேடி வரும்.

ஒன்று கேட்கிறேன், அன்றைக்கு டயரில் காற்றைக் குறைத்தீர்களா? 18 பவுண்டுக்கு இறக்கியிருந்தால் பெரும்பாலும் தானாகவே ஏறி வந்திருக்கும். ஜாக்கிக்கு முன்னால் ஒரு காற்று அளவி, ஒரு மண்வெட்டி, மறுபடி காற்றடிக்க ஒரு கம்ப்ரசர் வாங்குங்கள்.

கேள்வி: பழைய ஜீப்பின் பானட்டில் மாட்டி வைத்திருந்த ஹை-லிஃப்ட் ஜாக்கி, மழைக்காலம் முடிந்து எடுத்தால் ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது. கிரீஸ் வைக்கலாமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: கிரீஸ் வேண்டாம், புழுதியெல்லாம் அதில் ஒட்டி இன்னும் இறுகும். தண்டின் ஓட்டைகளில் மாறி மாறி நுழையும் இரண்டு பின்கள் இருக்கின்றனவே, அவற்றில்தான் துருவும் சேறும் அடைத்திருக்கும். டீசலும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் இரண்டு சொட்டு விடுங்கள். வெறும் ஜாக்கியை ஏற்றிப் பார்த்தால் டக், டக் என்று இரண்டு சத்தமும் தெளிவாகக் கேட்க வேண்டும், ஒன்று மங்கினாலும் வண்டிக்கு அடியில் வைக்காதீர்கள். அதில் இருக்கும் ஷியர் போல்ட் பாரம் மீறினால் உடைவதற்கென்றே போட்டது, உடைந்தால் கையில் கிடைக்கும் கெட்டியான போல்ட்டை மாட்டிவிடாதீர்கள்.

இறக்குவதைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். இந்த ஜாக்கியில் ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் இறக்கும்போதுதான். கைப்பிடியைத் தண்டோடு ஒட்டி நிமிர்த்தி வைத்த பிறகே சிறிய நெம்புகோலை ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாற்றுங்கள். அதன் பிறகு வண்டியின் பாரம் முழுக்க ஒவ்வொரு அடியிலும் கைப்பிடியை மேலே தள்ளும், பிடி நழுவினால் அந்த இரும்புக் குழாய் தானாகவே மேலும் கீழும் அடித்துக்கொண்டு போகும். என் நண்பருக்கு இப்படித்தான் தாடையில் நான்கு தையல், அவர் குனிந்து பலகையைப் பார்த்தது ஒரே ஒரு விநாடி. முகம் எப்போதும் விலகியே இருக்கட்டும், இரண்டு கையாலும் பிடியுங்கள். சுமார் 70 கிலோவாவது பாரம் இல்லாமல் இது படிப்படியாக இறங்காது, மொத்தமாகச் சரிந்துவிடும்.

கேள்வி: ஹூண்டாய் க்ரெட்டா காருக்கு இந்த ஜாக்கி வாங்கலாமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம்மா. அதற்குத் தனி சேஸிஸ் கிடையாது, இந்த ஜாக்கி பிடிக்க ஓர் இடமும் இல்லை. வண்டியோடு வந்த ஜாக்கியும் அதற்கடியில் வைக்க ஒரு பலகையும் போதும்.